ஒன்பது மாதத் தீட்டு

அப்பாவின் கண்களை மூடிவிட்டு, கம்பளித் திரையை விலக்கி வெளியே வந்த சார்பானைக் கண்டதும் காவல்காரர்கள் நாலடி பின்வாங்கினார்கள். போன வாரம்வரை அவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்க முண்டியடித்தவர்கள்.

சாவு நடந்த கூடாரத்தில் இருந்தவனுக்கு ஒன்பது மாதம் தீட்டு. அதுவரை எந்தத் தலைவன் கூடாரத்திலும் கால் வைக்க முடியாது. அதனால்தான் கானாக இருந்த அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதுமே மனைவிமார், வைத்தியர், பூசாரி என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். சார்பானும் எழுந்தான்தான். அம்மா எர்கெனே விடவில்லை.

"நீ இருடா. உன் கையப் புடிச்சாத்தான் அவரு தூங்குறாரு. ஒம்பது மாசம் ஓடியே போயிடும். நீ வந்து உக்காராம பங்கு பிரிக்க மாட்டோம். நான் இருக்கேன்ல."

அவனுக்கு அது போதுமாக இருந்தது. பயப்படவும் என்ன இருக்கிறது? மூத்தவனுக்குத் தூரத்துப் புல்வெளிகள். அவனைப் போன்ற கடைக்குட்டிக்கு அப்பாவின் அடுப்பும் அதைச் சுற்றியுள்ள நாலாயிரம் கூடாரங்களும். பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

மூன்று நாள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தான். இன்று விடியலில் கான் ஒருமுறை கண் திறந்தார்.

"நீ ஏன்டா இன்னும் இங்க இருக்க? உங்கம்மா எங்க?"

"வெளிய இருக்காங்கப்பா."

"முட்டாப்பயலே, நீயும் போயிடு. ஓடு."

பிதற்றுகிறார் என்று நினைத்து நெற்றியைத் துடைத்துவிட்டான். அந்தக் கை சில்லிட்ட பிறகும் வெகுநேரம் அதை விடவில்லை.

இப்போது எதிர்மேட்டில் ஒரு வெள்ளைக் கூடாரம் நின்றது. வாசலில் சித்தப்பாக்களின் குதிரைகள், சேணம்கூட இறக்காமல். அவன் மேடேறிப் போனான். ஈட்டிகள் குறுக்கே நீண்டன. அண்ணன் கத்தான் வெளியே வந்தான்.

"அங்கயே நில்லு தம்பி. தீட்டோட வராத."

"உள்ள என்னண்ணே நடக்குது?"

"முடிஞ்சிருச்சு. அப்பா அடுப்பும் கூடாரமும் என் பொறுப்பு. உனக்கு வடக்க ஏரிக்கரை. நல்ல எடம்தான், கொசுதான் கொஞ்சம் கடிக்கும்."

"நான் இல்லாம எப்படிண்ணே?"

"பங்கு கேக்குறவன் உள்ள வந்து கேக்கணும். நீ வரல."

கத்தானுக்குப் பின்னால் அம்மா நின்றாள். ஊரே சேர்ந்து ஏமாற்றியிருந்தால் சார்பான் தாங்கியிருப்பான்.

"அம்மா, என்னை இருக்கச் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

அவள் புல்லைப் பார்த்தாள்.

"படை அவன் கையில இருக்கு. ரெண்டு பேரும் மோதினா நீதான்டா சாவ. ரெண்டும் நான் பெத்ததுதானே."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ அவரு பக்கத்துல இருந்திருப்பியா?"

இருந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தான்; நிச்சயமாகத் தெரியவில்லை. அது அவனை இன்னும் சுட்டது.

அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் குதிரைப்பால் கொண்டுவந்தாள். தீட்டுக்காரன் கையில் கொடுக்கக் கூடாது. புல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அவள் தந்த பாலைத் தொடக் கூடாது என்றுதான் நினைத்தான். மூன்று நாள் பட்டினி. மண்டியிட்டு, அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.