கோ வாப் ரயிலடியின் கடைசி வண்டி

கோ வாப் பக்கத்து அந்தச் சின்ன ரயிலடி பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. காய்கறிக் கூடைகளும் குமாஸ்தாக்களும் காலை வண்டியில் சைகோனுக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், குடியரசு வந்தது, பின்னாலேயே பஸ் வந்தது. கூட்டம் பஸ்ஸுக்குத் தாவிவிட்டது. இன்றைய காலை வண்டியோடு ரயிலடியை மூடுகிறார்கள்.

தினமும் அந்த வண்டியில் போகிற தமிழ்ப்பெண் ஜோசெட்டுக்கு அதில் கவலையில்லை. டைப் அடிக்கும் வேலைக்குப் பஸ்ஸிலும் போகலாம். அவளுக்கு எரிச்சல் இக்னாஸ் மேல்தான். அங்கே கொடி காட்டுகிற காரைக்கால்காரன். அடுத்த வாரம் வடக்கே தொலைவில் இருக்கும் நியா சாங்குக்கு மாற்றல். அவள் வயலைத் தாண்டி ஓடிவரும்வரை தினமும் பச்சைக் கொடியைச் சுருட்டியே வைத்திருந்தவன், வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார்தான் வரவேண்டுமாம். அவன் அம்மாவோ, "பக்கலோரியான்னு பெரிய படிப்பெல்லாம் படிச்ச பொண்ணு நமக்கெதுக்கு" என்று மாதா கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

நேரே கேட்டுவிடுவது என்று ஜோசெட் இன்று முதல்முறையாக நேரத்தோடு வந்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருக்கையில் வண்டி வந்தது. காய்கறிக் கூடைகளும் மீன் கூடைகளும் ஏறின. இக்னாஸ் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலையே பார்த்து நின்றான்.

விசில். மறுபடியும் விசில். எஞ்சின் டிரைவர் தலையை நீட்டி வியட்நாமியில் கத்தினார்: "முசே, அந்தப் பொண்ணு பஸ்ஸுல போயிருக்கும். கொடியக் காட்டுய்யா, மீன் நாறுது!"

வண்டியே சிரித்தது. இக்னாஸ் அசையவில்லை.

"வந்துரும்," என்றான். "இன்னிக்கு வராம இருக்காது."

ஜோசெட் சேர்த்துவைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

"வந்தாச்சு. பின்னால பாருங்க."

திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "ஏறுங்க. கடைசி வண்டி."

"ஏறல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஒங்க வீட்டுக்கு வர்றேன்."

"எதுக்கு?"

"மாப்பிள்ள கேக்க. ஒங்கம்மா வரமாட்டாங்க, ஒங்களுக்கு வாயில்ல. வேற யாரு பேசுறது?"

"ஐயோ, மானம் போயிருமுங்க!"

"யாரு மானம்? வேணாம்னா இப்பவே சொல்லுங்க. ஓடிப்போய் ஏறிக்கிறேன்."

அவள் வண்டியைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். இக்னாஸ் கொடியை உதறி விரித்து, கை கழன்றுவிடும்போல ஆட்டினான். வண்டி அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. கடைசிப் பெட்டி தாண்டிய பிறகும், எங்கே அவள் ஓடிப்போய் ஏறிவிடுவாளோ என்கிற பயத்தில், அவன் கையை நிறுத்தவில்லை.