ஜோலின் அசையவில்லை

ஸ்கேன் குழாய்க்குள் போன ஜோலின் அசையவே இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மார்லாவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டில் நாலு வாய் சாப்பிடுவதற்குள் நாற்காலியைவிட்டு நாலு தரம் இறங்குகிற எட்டு வயது மகள் அவள். பள்ளியிலிருந்து ஓயாமல் போன் வரும். பக்கத்துப் பையனின் ஷூ நாடாவை மேசைக் காலில் கட்டிவிட்டாள், கணக்கு வகுப்பின் நடுவே எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்தான் இப்போது, சுத்தியல் அடிப்பது மாதிரியான இரைச்சலுக்கு நடுவே கல்லாகக் கிடந்தாள். காலை ஆட்டிக்கொண்டிருந்தது மார்லாதான்.

கவனக் குறைபாடுள்ள பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. கர்ப்பத்தில் சிகரெட் பிடித்தீர்களா என்று டாக்டர் ஹால்வர்சன் காலையிலேயே கேட்டிருந்தாள். மார்லாவைவிட இளையவள். பிடித்தேன் என்று மார்லா மறைக்காமல் சொன்னாள். அப்போது முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் நடுவில் வெளியே போய் உட்கார முடிந்தது. இதை அவள் சொல்லவில்லை.

படமெடுத்து முடிந்ததும் மார்லா கேட்டாள். "என்ன தெரியுது?"

"அம்மா சிகரெட் பிடிச்சிருந்தா, சில பிள்ளைங்களுக்கு மூளையோட மேல் படலம் கொஞ்சம் மெலிசா இருக்கலாம்னு நெனைக்கிறோம். ஆனா அது நெறைய பேரைச் சேத்துப் பாக்கறப்போ. இந்த ஒரு படத்தை வச்சு உங்க பொண்ணைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதுங்க."

"என்னால வந்துச்சா, இல்லையா?"

"தெரியல. பரம்பரையா வர்றதும் உண்டு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறது கஷ்டம்."

"அப்ப நான் என்னன்னு நெனைச்சுக்கறது?"

டாக்டர் டிஷ்யூ பெட்டியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள். மார்லா அழவில்லை.

ஏரியின் அக்கரைக்குப் போகும் படகில் காரை ஏற்றி நிறுத்திய பிறகும் அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. மூத்தவள் ரெனி வயிற்றில் இருந்தபோது மார்லா இதைவிட அதிகம் சிகரெட் பிடித்தாள். ரெனியோ ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு முழுப் புத்தகத்தை முடித்துவிட்டு எழுகிறவள். மார்லாவின் அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் எந்த வேலையிலும் அவர் நிலைத்ததில்லை, தேவாலயத்தில்கூடப் பாதியில் எழுந்து போய்விடுவார். எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு இடித்தது.

"அம்மா, நான் வயித்துல இருந்தப்போ சிகரெட் குடிச்சியா?" பின்சீட்டிலிருந்து ஜோலின் கேட்டாள்.

டாக்டர் அறையின் கதவு திறந்திருந்ததா என்று மார்லா யோசித்தாள். "குடிச்சேன்."

"அப்ப நானும் குடிச்சேனா?"

"ஒரு மாதிரி... ஆமா."

"ரெனிகிட்ட சொல்லாத. எல்லார்கிட்டயும் போட்டுக் குடுத்துடுவா."

மார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "அந்தக் குழாய்க்குள்ள எப்படிடீ அசையாம இருந்த?"

"அங்க சத்தமெல்லாம் வெளிய இருந்துச்சு. எப்பவும் எனக்குள்ளதான இருக்கும்."

இத்தனை வருடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. தான் கேட்டதும் இல்லை என்று மார்லாவுக்குத் தோன்றியது. திரும்பி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பின்கதவு திறந்துகொண்டது. ஜோலின் கார்களுக்கு நடுவே, ஒவ்வொன்றின் முகப்பிலும் கையை வைத்து வைத்து ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் நின்று அவருக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு மறுபடி ஓடினாள்.

மார்லா பின்னாலேயே போய், படகின் முன்முனைச் சங்கிலிக்கு ஒரு முழம் முன்னால் அவளுடைய கோட்டுத் தொப்பியைப் பிடித்தாள். திட்டுவதா என்று தெரியவில்லை. படகு ஏரியின் பனியை உடைத்து உடைத்து முன்னேறியது. உடைந்த பனிப் பலகைகள் இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீரில் புரண்டன. தொப்பி அவள் கையில் இழுபட, ஜோலின் முழு எடையையும் முன்னால் சாய்த்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.