தெருவில் வந்த வீடு

மில்பர்ன் நகரத்திலேயே வயதான வீடு அன்று காலை சக்கரங்களின் மேல் ஏறிக் கிளம்பியது. அது நின்ற மனை மருத்துவமனைக்கு வேண்டியிருந்தது; வீட்டை இடிக்க ஊருக்கு மனம் வரவில்லை. ஆற்றோரத்தில் நகராட்சி ஓர் இடம் கொடுத்தது. மடக்கு நாற்காலியும் காபியுமாக ஜனங்கள் நடைபாதையை நிறைத்துவிட்டார்கள். வீடு நகர்கிறது என்றால் இவர்களுக்கு வேறு திருவிழா வேண்டாம்.

வீட்டின் சொந்தக்காரர் ஹார்லன் மட்டும் காபியைத் தொடவில்லை. வழியில் அவருடைய அக்கா வெர்னாவின் மேப்பிள் மரம் இருக்கிறது. அதன் பெரிய கிளையை வெட்டாமல் கூரை தாண்டாது. "அக்காகிட்ட கேட்டாச்சு, சரின்னுட்டாங்க" என்று லாரிக்காரன் டோபியாஸிடம் வாய் கூசாமல் புளுகியிருந்தார். எப்படிக் கேட்பார்? அப்பா அந்த வீட்டை இவர் பேருக்கு எழுதிவைத்த நாளிலிருந்து அக்கா பேசுவதில்லை. இன்று தாண்டாவிட்டால் வீட்டைப் பலகை பலகையாகப் பிரிக்க வேண்டியதுதான். திரும்பிப் போகவும் இடமில்லை. பழைய அஸ்திவாரத்தை அப்போதே தோண்ட ஆரம்பித்திருந்தார்கள்.

டோபியாஸ் ரம்பத்தோடு ஏணியில் கால் வைத்ததும் வெர்னா கதவைத் திறந்தார். கையெல்லாம் மாவு.

"யாருப்பா அது என் மரத்துல?"

"நீங்க சரின்னதா உங்க தம்பி சொன்னாரே, மேடம்."

"தம்பியா? அவன் என்கிட்ட பேசி எத்தனை வருஷமாச்சு!"

கூட்டம் காபி குடிப்பதை நிறுத்தியது. ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "பயந்துட்டேன்க்கா."

"இவ்ளோ பெரிய வீட்டை இழுத்துட்டு வரத் தெரியுது, அக்கா வீட்டு மணியை அடிக்கத் தெரியலையா?"

"முடியாதுன்னு சொல்லிடுவியேன்னு..."

"முடியாதுதான். என் வீட்டுக்காரர் நட்ட மரம். ஒரு சுள்ளியைத் தொட்டாலும் தொலைச்சுடுவேன்."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போகவில்லை. சக்கரங்களின் மேல் நின்ற அப்பாவின் வீட்டைச் சுற்றி நடந்தார். கல்யாணம் ஆகும்வரை தான் தூங்கிய மாடி அறை ஜன்னலை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். ஹார்லனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நாளாவது இவளை உள்ளே கூப்பிட்டிருக்கலாம்.

"ஆத்தங்கரையில வெள்ளம் வராதா?" என்றார் வெர்னா.

"வரும்தான்."

"அப்புறம் அங்க எதுக்குடா போற? மரத்துக்கு இந்தப் பக்கம் என் மனை சும்மாதானே கிடக்கு. இங்கயே இறக்கு."

நகராட்சித் தலைவி டோனட்டும் கையுமாகக் கூட்டத்திலேயே இருந்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். காகிதமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். டோபியாஸ் லாரியை மெல்லப் பின்னுக்கு எடுத்து மனைக்குள் திருப்பினான்.

"வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

கூட்டத்திலிருந்த ஊர் வரலாற்றுச் சங்கத்து அம்மாள் ஒருவர் முந்திக்கொண்டார். "தெருப்பக்கம்! நூற்றெழுபது வருஷமா இந்த வீடு தெருவைப் பார்த்துத்தான் நின்னுருக்கு."

"தெருவுல என்ன இருக்கு?" என்றார் வெர்னா. "என் சமையல்கட்டைப் பார்த்து வைங்க. இவன் சாப்பாட்டுக்கு வரானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

ஹார்லனுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"அக்கா சொல்ற பக்கமே திருப்புப்பா" என்றார்.