தொண்ணூற்றாறாம் நம்பர்

என் தம்பி கிருசாந்தன் அமெரிக்காவில் ஒன்பது வருடம் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன். பந்தைக் கையால் தொட்டது இரண்டோ மூன்றோ தடவைதான். அமெரிக்கன் ஃபுட்பாலில் அவன் தடுப்பு வரிசைக்காரன். ஆட்டம் தொடங்கியதும் எதிரே குனிந்து நிற்கிற தடியனைத் தலையாலும் தோளாலும் இடித்துத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். எங்கள் ஆட்கள் அதை ரக்பி என்றார்கள். திருத்தித் திருத்திக் களைத்துப்போய் நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு மாலைகளில் எட்மண்டன் வீட்டில் அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது. முதுகில் தொண்ணூற்றாறு என்று போட்டவன் தன் பிள்ளை என்பது மட்டும் தெரியும். "இடி மோனை! இன்னும் பலமா இடி!" பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டும்வரை கத்துவார்.

முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்தான். முதலில் சாவியை மறந்தான், பிறகு வீட்டையே மறந்தான். நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. ஒருநாள் கஞ்சி சுட்டதென்று அம்மாவைக் கை நீட்டி அறைந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கன்னத்தைப் பார்த்து, "ஆரம்மா அடிச்சது?" என்று அழுதான். குடி என்று சனம் முடிவு கட்டிவிட்டது. ஒரு சொட்டுத் தொடாதவன் அவன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

தெளிவாக இருந்த ஒரு பின்னேரம் என்னிடம் சொன்னான். "அக்கா, நான் செத்தா என்ர மூளையை ஆராய்ச்சிக்குக் குடு. எனக்கு என்ன நடந்ததெண்டு ஆராவது பாக்கட்டும்." நாற்பத்தொரு வயதில் தூக்கத்திலேயே போய்விட்டான். மூளை ஆராய்ச்சிக்காரர்களுக்குப் போன் எடுத்தேன். கலியாணம் கட்டாதவன் என்பதால் அம்மாவின் சம்மதம் வேண்டும் என்றார்கள்.

அம்மா ஒரேயடியாக மறுத்தார். "செத்தவீட்டண்டைக்கு எல்லாரும் வந்து தலையில எண்ணெயும் அரப்பும் வைக்கப் போகினம். வெட்டின தலையையோ அவைக்குக் காட்டுறது?" பிரேதத்துக்குச் செய்கிற கடைசிக் குளிப்பு அது. உறவுகள் வரிசையாக வந்து உச்சியில் தொட்டு வைப்பார்கள். நான் கெஞ்சினேன், கத்தினேன். பிந்தினால் மூளை பயன்படாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போன் எடுத்தார்கள்.

கடைசியில் அம்மாவை அசைத்தவர் அவருடைய தம்பி செல்வரத்தினம் மாமா. துக்கம் கேட்க வந்த மனிதர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே, "என்ன செய்யிறது அக்கா, குடி ஆரைத்தான் விட்டுது," என்றார்.

அம்மா எழுந்து நின்றார். "என்ர பிள்ளை குடிக்கேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவையளுக்குப் போன் பண்ணு. எடுக்கட்டும்." மறுபடி மாமாவைப் பார்த்தார். "முடிவு வந்தவுடன முதல் போன் உனக்குத்தான்."

செத்தவீட்டில் அம்மா தலைமாட்டை விட்டு அசையவில்லை. வேறு ஒருவரையும் தலையில் கை வைக்க விடவில்லை. தானே எண்ணெய் தடவினார். காதுக்குப் பின்னால் தையலில் பட்டதும் கை நின்றது. பிறகு அந்த இடத்திலும் தடவினார்.

பல மாதங்களுக்குப் பிறகு, மூளையை ஆராய்ந்த டாக்டர் எங்கள் இருவரையும் நேரில் கூப்பிட்டார். மூளை நோய்தான், சந்தேகமில்லை என்றார். ஒரு பெரிய அடியால் வந்ததல்ல, வருடக்கணக்காக ஒவ்வோர் இடியாகச் சேர்ந்து வந்தது. நான் அதைத் தமிழில் சொன்னேன். தம்பியின் பெயர் கழுவப்பட்டுவிட்டது என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

"ஒவ்வொரு இடியுமோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மாமாவின் நம்பரை அழுத்திப் போனை அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான்தானே பிள்ளை ஞாயிறு ஞாயிறா இடி, இடி எண்டு கத்தினனான்."

"நீங்கள் டிவிக்கு முன்னால கத்தினது அவனுக்கு எப்பிடியம்மா கேக்கும்?"

"மாட்ச் முடிஞ்சவுடன எனக்குப் போன் எடுப்பான். 'அம்மா, நல்லா இடிச்சனானோ?' எண்டு கேப்பான். இன்னும் பலமா இடிச்சிருக்கலாம் எண்டு சொல்லுவன்."

போனில் மாமாவின் குரல், "ஹலோ, அக்கா?" என்றது.

"போனை வை பிள்ளை," என்றார் அம்மா. "உன்ர மாமா குடியெண்டே சொல்லிக்கொண்டு திரியட்டும்."