எதிர்மனுதாரர் கலைமதி

…எதிர்மனுதாரர், அப்படித்தானே கூப்பிட்டார்கள், தருமபுரி கோர்ட்டு வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, மனுதாரர் வீரமணி, எதிர்மனுதாரர் கலைமதி என்று, புருஷன் ஒரு பக்கம் பெண்டாட்டி ஒரு பக்கமாக… வக்கீல் அந்தோணி பிரகாஷ் முன்பே விளக்கினார்தான், மோதின கார்க்காரருடைய இன்சூரன்ஸ் கம்பெனி எப்படியும் தப்பை ஸ்கூட்டர் மேல் தள்ளும், அப்போ ஸ்கூட்டர் இன்சூரன்சும் கேஸ்ல இருக்கணும், வண்டி உங்க பேர்ல, ஓட்டினதும் நீங்க, அதனால பேரைச் சேர்க்கிறோம், வெறும் பேருக்குத்தாம்மா, மனசுல வச்சுக்காதீங்க. வெறும் பேர்தானா? இண்டூர் ரோட்டில் அந்தத் திருப்பத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது வேறு யாருடைய கை?

வீரமணி கூண்டில் ஏறிவிட்டார், ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி… கிளட்ச் மிதிக்கிற கால் அது, சுத்துப்பட்டுக் காடெல்லாம் டிராக்டர் ஓட்டிய கால், கம்பி வைத்துச் சேர்த்தபிறகு மடங்க மாட்டேன் என்கிறது, டிராக்டர் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது, அவள் ஸ்கூட்டரைத் தொடுவதே இல்லை, ஜவுளிக்கடை வேலைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள். இதுவரை ஒரு வார்த்தை திட்டியிருக்கிறாரா? கண்ணை எங்கே வச்சிருந்தே என்று ஒரு தடவை கேட்டிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள், கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உனக்கு ஒண்ணும் ஆவலையே என்றார், அதோடு சரி, அந்தத் திருப்பத்தைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. திட்டாத மனுஷன் உள்ளுக்குள் என்ன தீர்ப்பு வைத்திருக்கிறாரோ, அது இன்றைக்கு எல்லார் முன்னாலும் வெளியே வந்துவிடுமோ… வந்தால் வரட்டும், அதையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

கார்க்காரர் பக்கத்து இன்சூரன்ஸ் வக்கீல் அம்மா எழுந்துவிட்டார், குரலை உயர்த்தாமல், கடையில் துணி விலை கேட்கிற மாதிரி சாதாரணமாக, "உங்க மனைவி வலது பக்கம் பார்க்காமலே மெயின் ரோட்டுல ஏறினாங்க, அதனாலதான் விபத்துன்னு சொல்றேன்" என்றார். கலைமதி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா? வெள்ளைக் கார் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் சின்னதாகத் தெரிந்ததே, நேரமிருக்கிறது என்று தோன்றியதே, அல்லது அதெல்லாம் பின்னால் அவளாகச் சேர்த்துக்கொண்டதா…

"இல்லீங்க" என்றது அவர் குரல். "அவ பார்த்துட்டு நின்னுட்டாளுங்க. நாந்தான் பின்னாடியிருந்து, கார் தூரத்துல வருது, நீ போன்னு தோள்ல தட்டுனேன். அத்தனை வேகமா வருவாங்கன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியலீங்க."

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார், பிறகு டைப் அடிக்கிறவரிடம் அதை மெதுவாக வாக்கியமாகச் சொன்னார், கீபோர்டு சத்தம் கேட்டது, கலைமதி தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். தட்டினாரா? எந்தத் தோள்?

வராந்தாவுக்கு வந்ததும் அந்தோணி பிரகாஷ் தலையைச் சொறிந்தார். "இப்படிச் சொல்லப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. யார் யார் மேல எவ்வளவு தப்புன்னு பங்கு பிரிக்கிறப்ப உங்க மேலயும் கொஞ்சம் வச்சாங்கன்னா, அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையுமே."

"குறையட்டுங்க சார். நடந்ததைத்தானே சொல்லணும்" என்றார் வீரமணி.

வக்கீல் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார், கேன்டீன் பக்கமிருந்து வடை வாசனை வந்தது, கலைமதி அவர் நடைக்குச் சமமாகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். "நெசமாவே தட்டுனீங்களா?"

"தட்டுனேன். நீ ஹெல்மெட் போட்டிருந்தே, நான் சொன்னது கேட்டிருக்காது." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இதைச் சொன்னா நீ என்னை என்ன நெனப்பியோன்னு இருந்துச்சு" என்றார்.

நெசந்தானா, இல்லை அவளுக்காக இப்போது உண்டாக்கியதா… தோளை நினைத்துப் பார்த்தாள், தோளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, இனி எந்தக் காலத்திலும் அது தெரியப்போவதில்லை. ஆனாலும் விநோதமாக இருந்தது, இத்தனை நாளும் அந்தத் திருப்பம் மனசில் வரும்போதெல்லாம் ஸ்கூட்டரில் அவள் ஒருத்திதான் இருந்தாள், கார் அவளை நோக்கித்தான் வந்தது, இப்போது நினைத்தால் பின்னால் பாரம் தெரிகிறது, அவர் உட்கார்ந்திருக்கிறார்.