பதினொன்றாம் மேசையில் இருந்த சிரிப்பு

எங்கள் ஊரில் எந்த வேலைக்கும் நான்கு சொற்களில்தான் சீட்டு எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த சீட்டு. தம்ளர் கழுவ ஒரு சீட்டு போதும். எங்கள் கல்யாணத்துக்கு எழுபதாயிரம் சீட்டு ஆனது.

சாமான்கள் எல்லாம் கிடங்கில் இருக்கின்றன. அங்கேயே வைத்து எதையும் சரிசெய்யக் கூடாது. மேசைக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே பூஜ்யத்திலிருந்து எண்ணினால் முப்பத்திரண்டு மேசைகள். ஒரு மேசையில் ஒன்றுதான் இருக்கும். புதியது வந்தால் பழையது அழிந்துபோகும். பூஜ்ய மேசை மட்டும் எப்போதும் காலி. எதை வைத்தாலும் காலி. அதைத் தாண்டும்போது நான் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

சீட்டு எழுதுவது நான். முதல் பெஞ்சில் என் மனைவி வேணி அதை எடுப்பாள். இரண்டாம் பெஞ்சு படிக்கும், மூன்றாவது செய்யும், நான்காவது கிடங்குக்குப் போய்வரும், ஐந்தாவது மேசையில் வைக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஐந்து சீட்டும் ஒருசேர நகரும். யாருக்காகவும் யாரும் நிற்பதில்லை. பதினெட்டு வருடமாகப் பார்த்தும் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

எங்கள் மகள் இலக்கியாவுக்கு இளைப்பு. டாக்டர் கைவிரித்துவிட்டார். கிடங்கிலிருந்து இளைப்பை மேசைக்குக் கொண்டுவந்து அழித்தால் பிழைத்துக்கொள்வாள். மூன்று சீட்டு போதும். 'இளைப்பைப் பதினொன்றில் கொண்டுவந்து வை' என்று முதல் சீட்டு. 'எல்லோரும் வாசல் பக்கம் திரும்புங்கள்' என்று இரண்டாவது; அதோடு அன்றைய வேலை முடிந்து வீட்டுக்குப் போகலாம். திரும்பச் சொன்ன சீட்டுக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு சீட்டு மட்டும், திரும்பிய பிறகும் நடந்தே தீரும். அதில் அழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இரண்டாம் சீட்டை எடுத்தபோது வேணி சொன்னாள்: "என்னங்க, பதினொண்ணுல அவ சிரிப்புல்ல இருக்கு."

காலையில் அதிலிருந்த விக்கலை நீக்க நான்தான் கொண்டுவரச் செய்திருந்தேன். அவசரத்தில் கோட்டை விட்டுவிட்டேன். முதல் சீட்டு இரண்டாம் பெஞ்சைத் தாண்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் சீட்டு மட்டும் என் பேனாவுக்கடியில் இருந்தது.

"பன்னெண்டுல யாரோடது?"

"கண்டக்டர் செல்லையாவோட சிரிப்பு."

"எப்படி இருக்கும்?"

"பஸ்ஸே குலுங்கும்."

'பன்னிரண்டும் பூஜ்யமும் பதினொன்றில் கூட்டு' என்று எழுதினேன். மணி அடித்தது.

மகளின் சிரிப்பு இருந்த இடத்தில் இளைப்பு வந்து உட்கார்ந்தது. எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். திரும்பியபடியே ஐந்தாம் பெஞ்சு கடைசிச் சீட்டையும் முடித்தது. இளைப்பு இருந்த இடத்தில் சிரிப்பு இருந்தது. செல்லையாவுடையது பன்னிரண்டில் துளியும் குறையவில்லை. ஒன்றுமே இல்லாத ஒரு மேசை என் மகளைக் காப்பாற்றியிருந்தது. நான் அதன் முன் நின்று அழுதேன்.

வீட்டில் இலக்கியா சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, ஐம்பத்தெட்டு வயதுக் குரலில் வாய்விட்டுச் சிரித்தாள். வீடு ஒருமுறை குலுங்கிப் புறப்பட்டது. ரேஷன் கடை அருகே நின்றபோது இருவர் ஏறினார்கள். வேணி நகர்ந்து இடம் கொடுத்தாள்.