பதினேழாம் கிணறு

மதுரா மூன்றாந்தரமும் அளந்து பார்த்தாள். இலக்கம் இறங்கவில்லை. பதினேழாம் கிணற்று நீரில் நைத்திரேற்று, இருக்கக்கூடிய அளவைப்போல் இரண்டு மடங்கு.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம். இணுவில் தோட்டக்காணிகளில் நாற்பது கிணறுகள் அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் போய் நீரெடுத்து வருவாள்; நைத்திரேற்றுப் பார்ப்பது இந்த மாதந்தான் முதற்தடவை. மற்ற இடங்களில் பத்து நிமிட வேலை. பதினேழாம் கிணற்றடியில் மட்டும் அரைமணி பிடிக்கும். கனகலிங்கத்தார் வெங்காயப் பாத்தியை விட்டு எழும்பி வந்து, தானே வாளியால் அள்ளி, "குடிச்சுப் பாரும் பிள்ளை, ஊரிலை வேறை எங்கை இப்பிடித் தண்ணி?" என்பார். அவர் மனைவி கனகாம்பிகை தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவருவா. போனமுறை, பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள் தனுசியா ஒரு மாதக் குழந்தைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். அதே தண்ணீரில்.

"நாப்பது கிணத்தின்ரை முடிவும் வந்தாப்பிறகு ஊரைக் கூட்டிச் சொல்லுவம்" என்றார் பேராசிரியர்.

"அந்த வீட்டிலை கைக்குழந்தை இருக்கு சேர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏன் இன்னும் இங்கை நிக்கிறீர்?"

கனகலிங்கத்தார் பசளை எறிந்துகொண்டிருந்தார். மதுரா சொன்னதைக் கேட்டதும் சிரித்தார். "உம்மடை மெசின் பிழையாயிருக்கும்."

"மூண்டு தரம் பாத்தனான் ஐயா."

"நல்லாக் கொதிக்கவைச்சுத்தானே குடுக்கிறம்?" என்றா கனகாம்பிகை.

"கொதிக்கவைச்சாலும் போகாது அம்மா. தோட்டத்துக்குப் போடுற பசளைதான் கீழை இறங்கி..."

கனகலிங்கத்தார் தன் கைகளைப் பார்த்தார். விரலிடுக்கில் யூரியா வெள்ளையாக ஒட்டியிருந்தது. துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்துக்குள் நடந்துவிட்டார். அன்று தேத்தண்ணி வரவில்லை. தனுசியா மட்டும் குழந்தையோடு படலைவரை வந்தாள். "அக்கா, இவ்வளவு நாளும் குடுத்தது...?" குழந்தையின் உதட்டையும் நகங்களையும் மதுரா உற்றுப் பார்த்தாள். நைத்திரேற்று ஏறினால் கைக்குழந்தைகளுக்கு அங்கேதான் முதலில் நீலம் பாரிக்கும்; இவனுக்குப் பாரித்திருக்கவில்லை. "இண்டைக்கே டொக்டரிட்டைக் காட்டுங்கோ. இனிக் கடைத்தண்ணியிலை கரையுங்கோ" என்றாள்.

அடுத்த மாதம் அந்தக் கிணற்றுக்குத் தன்னோடு வேலைசெய்யும் பிரவீணனை அனுப்பலாமா என்றுகூட யோசித்தாள். உண்மையைத்தான் சொன்னாள், ஆனாலும் அந்த மனிதரின் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

ஒன்பதாம் நாள் வாசற் காவலாளி போன் எடுத்தார். "உங்களைத் தேடி ஒரு ஐயா."

வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சேட்டுமாகச் சைக்கிளோடு நின்றார் கனகலிங்கத்தார். பின்னால் கட்டியிருந்த சாக்கில் பதினான்கு போத்தல்கள். ஒவ்வொன்றிலும் துண்டுக் கடுதாசியில் வீட்டுக்காரர் பெயர் எழுதி றப்பர் வளையத்தால் கட்டியிருந்தார்.

"பேரன்?" என்றாள் மதுரா, முதலில்.

"சோக்கா இருக்கிறான். டொக்டர் ஒண்டுமில்லை எண்டவர்." சாக்கை அவிழ்த்தபடியே சொன்னார்: "இதுகள் உம்மடை நாப்பதிலை வராத கிணறுகள். கைக்குழந்தையள், வயித்துப்பிள்ளைக்காரியள் இருக்கிற வீடுகள் மட்டும். ஒருத்தரும் லேசிலை தரேல்லை. என்ரை கிணறு பழுது எண்டு நானே சொன்னாப்பிறகுதான் தந்தவை."

மதுரா ஒன்றைத் திறந்தாள். நல்லெண்ணெய் மணத்தது. மற்றதில் நெல்லிரசம். எல்லாம் சரியாகக் கழுவாத பழைய போத்தல்கள்; ஒன்றும் பரிசோதனைக்கு உதவாது. பதினான்கு வீட்டுக்கும் திரும்பப் போகவேண்டும். அதை இப்போது அவரிடம் எப்படிச் சொல்வாள்?

"கவனம் பிள்ளை, கண்ணாடி" என்றபடி அவர் சாக்கின் ஒரு தலைப்பைப் பிடித்தார். மற்றத் தலைப்பை அவள் பிடித்தாள். மாணவர்கள் விலகி வழிவிட, போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்க, இருவரும் ஆய்வுகூடப் படிகளில் மெல்ல ஏறினார்கள்.